பங்குச் சந்தையின் அலைகளை எண்ண முடியுமா?

1935ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, அமெரிக்கப் பங்குச் சந்தையில் அன்றைய வர்த்தகம் முடிந்த பின்னர், டெட்ராய்ட் நகரில் இருந்த சார்ல்ஸ் காலின்ஸ் என்ற முதலீட்டு ஆலோசகருக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தந்தி வந்து சேர்ந்தது. அறிகுறிகள் அனைத்தும் பாதகமாகத் தெரிந்தபோதிலும், சந்தை தனது இறுதி அடிமட்டத்தை எட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் சாரம். அதனை அனுப்பியவர் ரால்ஃப் நெல்சன் எலியட். வயது 63. நோயின் காரணமாகப் பணியிலிருந்து விலகியிருந்த ஒரு கணக்காளர்.

அந்த நாட்களில் சந்தையைக் கணிப்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றியது டவ் கோட்பாட்டை. அக்கோட்பாட்டின்படி அப்போது கிடைத்த சமிக்ஞை மேலும் சரிவையே சுட்டிக்காட்டியது. ரயில்வே நிறுவனப் பங்குகளின் சராசரி முந்தைய ஆண்டின் தாழ்நிலையையும் உடைத்துக் கீழே இறங்கியிருந்தது. ஆயினும் தந்தி வந்த மறுநாளே டவ் ஜோன்ஸ் தொழில்துறைக் குறியீட்டெண் அந்த ஆண்டின் மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டு, பின்னர் மேல்நோக்கித் திரும்பியது. அப்போது 97 புள்ளிகளுக்கும் கீழே இருந்த அந்தக் குறியீட்டெண், இரண்டு ஆண்டுகள் கழித்து, 1937 மார்ச்சில் 194ஐ எட்டியது.

அந்தத் தந்தி எலியட்டின் அலைக் கோட்பாட்டுக்குக் கிடைத்த முதல் புகழ் எனலாம். அதற்குப் பின்னர் கடந்துள்ள சுமார் 90 ஆண்டுகளில், நியூயார்க் முதல் மும்பை வரை எண்ணற்ற சந்தை ஆய்வாளர்கள் அவரது முறையைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அதே காலத்தில், பொருளியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதனை ஏற்க மறுத்தும் வந்திருக்கிறார்கள். இந்த முறை உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல இயலாது என்பது, சேமிப்பைப் பங்குகளில் இட்டிருக்கும் எவருக்கும் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி.

கணக்காளர் கண்ட ஒழுங்கு

எலியட் 1871ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். வாழ்வின் பெரும்பகுதியை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ரயில்வே நிறுவனங்களின் கணக்கு வழக்குகளைச் சீர்செய்வதில் கழித்தவர். 1920களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மேற்பார்வையில் இருந்த நிகராகுவா நாட்டின் தலைமைக் கணக்காளராகவும் நியமிக்கப்பட்டார். மத்திய அமெரிக்காவில் பற்றிய நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பங்குச் சந்தை ஆய்வு தொடங்கியது அந்த நோய்க்காலத்தில்தான்.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலமும் குறிப்பிடத்தக்கது. 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளாக இருந்த டவ் ஜோன்ஸ் குறியீட்டெண், 1932 ஜூலையில் 41 புள்ளிகளாகச் சுருங்கியிருந்தது. ஏறக்குறைய 89 சதவீத வீழ்ச்சி. வாழ்நாள் சேமிப்பை இழந்த லட்சக்கணக்கான குடும்பங்கள், இதில் ஏதேனும் ஒழுங்கு இருந்ததா, முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தன.

எலியட் சுமார் 75 ஆண்டுகாலச் சந்தை விலைகளைத் திரட்டினார். ஆண்டு, மாதம், வாரம், நாள், மணி, அரை மணி என ஒவ்வொரு கால அளவிலும் வரைபடங்களைத் தயாரித்துப் பார்த்தார். விலைகள் தாறுமாறாக ஏறி இறங்குவதாகத் தோன்றினாலும், அவற்றுக்குள் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருவதாக அவர் முடிவுக்கு வந்தார். காலின்ஸின் உதவியுடன் 1938ஆம் ஆண்டில் அந்த முடிவுகள் நூலாக வெளிவந்தன. எலியட் 1948ஆம் ஆண்டு காலமானார்.

ஐந்தும் மூன்றும்

கோட்பாட்டின் அடிப்படை எளிமையானது. சந்தை எந்தத் திசையில் செல்கிறதோ அந்தத் திசையில் ஐந்து அலைகளாக நகர்கிறது. பின்னர் அதற்கு எதிர்த் திசையில் மூன்று அலைகளாகத் திருத்தம் கொள்கிறது. முதல் ஐந்தையும் 1, 2, 3, 4, 5 என்று எண்களாலும், திருத்தத்தின் மூன்றையும் ஏ, பி, சி என்று எழுத்துகளாலும் குறிப்பது வழக்கம். ஏறுமுகமான சந்தையில் 1, 3, 5 ஆகியவை ஏறும் அலைகள். 2, 4 ஆகியவை இடையில் வரும் இறக்கங்கள்.

இந்த வடிவத்தின் பின்னால் இருப்பது மனித மனம் என்பது எலியட்டைப் பின்பற்றுவோரின் விளக்கம். நீண்ட சரிவுக்குப் பின் வரும் முதல் அலையைப் பெரும்பாலோர் நம்புவதில்லை. விற்பதற்குக் கிடைத்த வாய்ப்பாகவே கருதுகிறார்கள். இரண்டாம் அலையில் பழைய அச்சம் திரும்புகிறது. மூன்றாம் அலையில் நிறுவனங்களின் லாபமும் பொருளாதாரச் செய்திகளும் மேம்படத் தொடங்குகின்றன. ஆகவே அது பெரும்பாலும் வலுமிக்க அலையாக அமைகிறது. நான்காம் அலை ஒரு களைப்பு. ஐந்தாம் அலையிலோ, அதுவரை பங்குகளைப் பற்றிப் பேசாதவர்களும் சந்தைக்குள் நுழைகிறார்கள். வாங்குவதற்கு இனி எவரும் மிச்சமில்லை என்ற நிலை வரும்போது சரிவு தொடங்குகிறது.

ஒவ்வோர் அலைக்குள்ளும் சிறிய அலைகள் உண்டு என்பது கோட்பாட்டின் அடுத்த பகுதி. ஒரு பெரிய ஏற்றமும் அதன் திருத்தமும் சேர்ந்தால் இரண்டு அலைகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் 5, 3 என மொத்தம் 8. மேலும் பிரித்தால் 21, 13 என 34. அடுத்த நிலையில் 89, 55 என 144. நூற்றாண்டுகள் நீளும் பேரலையிலிருந்து சில நிமிடங்களில் முடியும் சிற்றலை வரை ஒன்பது படிநிலைகளை எலியட் பெயரிட்டு வகுத்தார்.

மீறக்கூடாத விதிகள் மூன்றுதான். முதலாவது, இரண்டாம் அலை இறங்கும்போது முதல் அலை தொடங்கிய இடத்துக்குக் கீழே செல்லக்கூடாது. இரண்டாவது, 1, 3, 5 ஆகிய அலைகளில் மூன்றாம் அலை மிகச் சிறியதாக இருக்கக்கூடாது. மூன்றாவது, நான்காம் அலை இறங்கும்போது முதல் அலையின் உச்சிக்குக் கீழே புகக்கூடாது. இவற்றுள் ஒன்று மீறப்பட்டாலும், எண்ணிய விதம் தவறு என்று ஒப்புக்கொண்டு, அலைகளைப் புதிதாக எண்ணத் தொடங்கவேண்டும்.

ஃபிபொனாச்சி எண்களின் வருகை

மேலே சொன்ன 2, 8, 34, 144 ஆகியவையும், 3, 5, 13, 21, 55, 89 ஆகியவையும் கணிதத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு தொடரின் உறுப்புகள். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் இந்தத் தொடர், 1202ஆம் ஆண்டில் நூல் எழுதிய இத்தாலியரான ஃபிபொனாச்சியின் பெயரால் அறியப்படுகிறது. அவருக்கு முன்பே இந்தியாவின் யாப்பிலக்கண அறிஞர்கள், குறிப்பாக 12ஆம் நூற்றாண்டின் ஹேமசந்திரர், குறில் நெடில் அசைகளின் கணக்கில் இதனைக் கண்டிருந்தார்கள்.

தொடரில் ஓர் எண்ணை அடுத்த எண்ணால் வகுத்தால், எண்கள் பெரிதாகப் பெரிதாக விடை 0.618ஐ நெருங்குகிறது. திருப்பி வகுத்தால் 1.618. ஒன்றிலிருந்து 0.618ஐக் கழித்தால் 0.382. எலியட்டின் முறையைக் கையாள்பவர்கள் அலையின் நீளத்தை மதிப்பிடப் பயன்படுத்துவது இந்த விகிதங்களைத்தான். இரண்டாம் அலை பெரும்பாலும் முதல் அலையின் 61.8 சதவீதத்தைத் திரும்பக் கொடுக்கும் என்றும், மூன்றாம் அலை முதல் அலையைப் போல் 1.618 மடங்கு நீளும் என்றும் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இவை விதிகளல்ல, வழிகாட்டுதல்கள் மட்டுமே என்பதையும் அவர்களே கூறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குறியீட்டெண் 1,000 புள்ளிகளில் தொடங்கி 1,200 வரை ஏறுவதாகக் கொள்வோம். இது முதல் அலை. நீளம் 200 புள்ளிகள். அதில் 61.8 சதவீதம், அதாவது சுமார் 124 புள்ளிகள் குறைந்து, இரண்டாம் அலை 1,076இல் முடிகிறது. அங்கிருந்து மூன்றாம் அலை 200 புள்ளிகளின் 1.618 மடங்கு, அதாவது சுமார் 324 புள்ளிகள் ஏறினால் 1,400ஐ எட்டும். நான்காம் அலை அந்த ஏற்றத்தில் 38.2 சதவீதத்தைத் திரும்பக் கொடுத்தால் 1,276க்கு இறங்கும். முதல் அலையின் உச்சியான 1,200க்குக் கீழே அது போகவில்லை என்பதால் விதி மீறப்படவில்லை. ஐந்தாம் அலை முதல் அலையின் அளவுக்கு, அதாவது 200 புள்ளிகள் ஏறினால் 1,476. அத்துடன் ஏற்றம் நிறைவு பெற்று, ஏ, பி, சி என்ற திருத்தம் தொடங்கும்.

முடிந்துபோன வரைபடத்தில் இவை அனைத்தும் கச்சிதமாகத் தெரியும். சிக்கல் எழுவது, வரைபடம் பாதியில் நிற்கும்போது.

மேற்கண்ட சந்தை 1,276க்கு இறங்கி நிற்கும் நாளில் இரண்டு ஆய்வாளர்கள் அதனைப் பார்ப்பதாகக் கொள்வோம். முதலாமவர், நான்காம் அலை முடிகிறது, இனி ஐந்தாம் அலையில் 1,476 வரை ஏறும், ஆகவே வாங்கலாம் என்கிறார். இரண்டாமவரோ, 1,000 தொடங்கி 1,200, அங்கிருந்து 1,076, அங்கிருந்து 1,400 என்பவை மூன்று அலைகள் மட்டுமே என்கிறார். அதாவது, நீண்டகாலச் சரிவின் இடையே வந்த ஏ, பி, சி திருத்தம். அந்தத் திருத்தம் முடிந்துவிட்டது, இனி சந்தை 1,000க்கும் கீழே செல்லும், ஆகவே விற்கவேண்டும் என்பது அவருடைய முடிவு.

இருவரும் எலியட்டின் விதிகளில் ஒன்றையும் மீறவில்லை. ஒரே வரைபடத்திலிருந்து நேர் எதிரான இரண்டு கணிப்புகள் கிடைக்கின்றன. எலியட் திருத்த அலைகளுக்கு மட்டும் பல்வேறு வடிவங்களை வகுத்திருந்தார். அவை ஒன்றோடொன்று இணைந்தும் வரலாம். ஆகவே உண்மையான சந்தையில் சாத்தியமான எண்ணிக்கைகள் இரண்டோடு நிற்பதில்லை. அனுபவமிக்க ஆய்வாளர்கள் தாங்கள் விரும்பும் எண்ணிக்கையுடன் ஒரு மாற்று எண்ணிக்கையையும் குறித்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஒரு கணிப்பாளரின் ஏற்றமும் இறக்கமும்

இந்தச் சிக்கல் நடைமுறையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு ராபர்ட் பிரெக்டரின் வரலாற்றை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று, மெரில் லின்ச் நிறுவனத்தில் சந்தை ஆய்வாளராகப் பணியாற்றிய பிரெக்டர், ஏ. ஜே. ஃபிராஸ்ட் என்பவருடன் இணைந்து 1978ஆம் ஆண்டு எலியட் அலைக் கோட்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். மறக்கப்பட்டுக்கொண்டிருந்த கோட்பாட்டுக்கு மறுவாழ்வு அளித்தது அந்த நூல்.

அமெரிக்கப் பொருளாதாரம் பணவீக்கத்தாலும் எண்ணெய் விலை உயர்வாலும் தளர்ந்திருந்த காலம் அது. அப்போது, பெரும் ஏற்றம் ஒன்று வரவிருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். 1982 ஆகஸ்டில் 777 புள்ளிகளாக இருந்த டவ் ஜோன்ஸ், 1987 ஆகஸ்டில் 2,722 புள்ளிகளை எட்டியது. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற வர்த்தகப் போட்டி ஒன்றில் பிரெக்டர் நான்கு மாதங்களில் 444 சதவீத லாபம் ஈட்டி முதலிடம் பெற்றார். 1987 அக்டோபர் தொடக்கத்தில் தமது வாசகர்களைச் சந்தையிலிருந்து விலகுமாறு எச்சரித்தார். அக்டோபர் 19ஆம் தேதி டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 508 புள்ளிகள், அதாவது 22.6 சதவீதம் வீழ்ந்தது. அந்தப் பத்தாண்டின் குரு என்று ஒரு நிதித் தொலைக்காட்சி அவரைச் சிறப்பித்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் கோட்பாடு வென்றது என்று எழுதிவிடலாம். ஆனால் 1987ஆம் ஆண்டின் வீழ்ச்சியைப் பேரலையின் முடிவாக எண்ணிய பிரெக்டர், குறியீட்டெண் 400 புள்ளிகள் அளவுக்கு வீழக்கூடும் என்று எச்சரித்தார். சந்தையோ இரண்டே ஆண்டுகளில் பழைய உச்சியைத் தாண்டியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அது 11,722 புள்ளிகளைக் கடந்து நின்றது. 1995ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் அவர் எழுதிய நூல்கள் பெருஞ்சரிவை எதிர்நோக்கின. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை டவ் ஜோன்ஸ் 14,164இலிருந்து 6,547க்கு வீழ்ந்தபோது அந்த எச்சரிக்கைக்கு மீண்டும் மதிப்பு கூடியது.

2010 ஜூலையில், டவ் ஜோன்ஸ் 9,686 புள்ளிகளில் இருந்தபோது, அடுத்த ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் அது 1,000 புள்ளிகளுக்கும் வெகுவாகக் கீழே செல்லக்கூடும் என்ற அவரது கணிப்பை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அந்தக் குறியீட்டெண் 18,000ஐத் தாண்டியிருந்தது. 2024 மே மாதத்தில் அது முதன்முறையாக 40,000க்கு மேல் நிறைவடைந்தது.

அந்தக் கணிப்பை நம்பிச் செயல்பட்ட ஒருவருக்கு அது என்ன செலவானது என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. 2010 ஜூலையில் அந்தக் குறியீட்டெண்ணில் இட்ட 10,000 டாலர், பங்காதாயத்தைச் சேர்க்காமலே, 2024 மே மாதத்தில் 41,000 டாலருக்கும் அதிகமாகியிருக்கும். 1,000 புள்ளிகளுக்காகக் காத்திருந்தவருக்கு அந்த 31,000 டாலர் கிட்டவில்லை. சரிவை முன்கூட்டியே கண்ட ஒருவரது புகழ், பின்னர் வந்த ஏற்றத்தைக் காணவிடாமல் பிறரைத் தடுக்கவும் கூடும்.

அறிஞர்களின் ஆட்சேபம்

கல்வித்துறையில் எழும் எதிர்ப்புக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, திறமையான சந்தை என்ற கருத்து. 1970ஆம் ஆண்டு யூஜின் ஃபாமா இதற்கு முறையான வடிவம் அளித்தார். பொதுவெளியில் இருக்கும் தகவல் அனைத்தும் உடனுக்குடன் விலையில் சேர்ந்துவிடுவதால், கடந்தகால விலையைக் கொண்டு வருங்கால விலையைக் கணித்துத் தொடர்ந்து லாபம் ஈட்ட இயலாது என்பது அதன் சாரம். பர்டன் மால்கீல் 1973ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். அவரது மாணவர்கள் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஏற்றம், பூ விழுந்தால் இறக்கம் என்பதுபோலக் குறித்து, கற்பனைப் பங்கு ஒன்றின் வரைபடத்தைத் தயாரித்தார்கள். அதைப் பார்த்த வரைபட ஆய்வாளர் ஒருவர், உடனே வாங்கவேண்டிய பங்கு என்று பரபரத்தாராம்.

சந்தை எப்போதும் பகுத்தறிவுடன் இயங்குகிறது என்பதை எல்லாப் பொருளியல் அறிஞர்களும் ஏற்கவில்லை என்பதும் உண்மை. கூட்டு மனநிலை விலைகளை உந்துகிறது என்று வாதிட்ட ராபர்ட் ஷில்லர், 2013ஆம் ஆண்டு ஃபாமாவுடன் சேர்ந்தே நோபெல் பரிசைப் பெற்றார். ஆனால் சந்தையில் மனநிலை இருக்கிறது என்று ஏற்பது வேறு. அந்த மனநிலை ஐந்தும் மூன்றுமாக எண்ணத்தக்க அலைகளில் வரும் என்பது வேறு. இரண்டாவதற்கு ஷில்லரின் ஆய்வுகள் சான்றளிக்கவில்லை.

இரண்டாவது வேர், சோதித்துப் பார்க்க இயலாமை. ஒரு கோட்பாடு அறிவியல் ஆகவேண்டுமானால், அது எப்போது பொய்யாகும் என்பதை முன்னரே கூறவேண்டும். அலைக் கணிப்பு தவறும்போது, தவறு கோட்பாட்டில் இல்லை, எண்ணியவரிடம்தான் என்று சொல்ல எப்போதும் வழி இருக்கிறது. போதுமான எண்ணிக்கையில் சிற்றலைகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால் எந்த வரைபடத்துக்கும் பொருந்தும் ஒரு கதையை உருவாக்கலாம் என்று, சந்தைக் கணிப்பு முறைகளைப் பற்றி 2006ஆம் ஆண்டில் நூல் எழுதிய டேவிட் ஆரன்சன் விமர்சித்தார்.

பின்ன வடிவியலின் தந்தையான பெனுவா மாண்டெல்பிராட்டின் கருத்தும் இங்கே கவனிக்கத்தக்கது. சிறிய கால அளவின் வரைபடமும் பெரிய கால அளவின் வரைபடமும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதை அவர் கணித ரீதியாகவே நிறுவினார். எலியட்டைப் பின்பற்றுவோர் இதனைத் தங்களுக்கு ஆதரவாகக் காட்டுவதுண்டு. ஆனால் மாண்டெல்பிராட் கண்ட ஒற்றுமை புள்ளியியல் சார்ந்தது. பெரும் ஏற்ற இறக்கங்கள் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி நிகழும் என்பதை அது கூறும். அடுத்த அலை எந்தத் திசையில் என்பதைக் கூறாது. அலைகளை எண்ணிக் கணிப்பது தனிநபரின் மதிப்பீட்டைச் சார்ந்த, உறுதியற்ற முயற்சி என்பதே அவருடைய கருத்து.

அப்படியானால் பயன் என்ன?

இத்தனைக்குப் பிறகும் வெற்றிகரமான வர்த்தகர்கள் சிலர் இந்த முறையைக் கைவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் வீழ்ச்சியில் பெரும் லாபம் ஈட்டிய பால் டியூடர் ஜோன்ஸ், தமது வெற்றியில் எலியட் முறைக்குப் பங்குண்டு என்று கூறியவர். அவர் குறிப்பிட்ட காரணம் கவனத்துக்குரியது. சிறிய இழப்பைப் பணயம் வைத்துப் பெரிய லாபத்தை நாடும் வாய்ப்புகளை இந்த முறை காட்டுகிறது என்றார் அவர்.

மேலே கண்ட எடுத்துக்காட்டுக்கே திரும்பினால் இது விளங்கும். குறியீட்டெண் 1,280இல் இருக்கும்போது முதலாம் ஆய்வாளர் வாங்குகிறார். அவரது எண்ணிக்கை தவறாக இருந்தால் விலை 1,200க்குக் கீழே இறங்கும். அங்கே அவர் விற்றுவிட்டு வெளியேறவேண்டும். வர்த்தகர்கள் ஸ்டாப் லாஸ் என்று அழைப்பது இதனைத்தான். இழப்பு 80 புள்ளிகள். எண்ணிக்கை சரியென்றால் 1,476 வரை, அதாவது 196 புள்ளிகள் லாபம். பத்து முறையில் மூன்று முறை மட்டும் சரியாக இருந்தாலும் அவருக்கு நட்டமில்லை. எலியட் முறையின் மிகப் பயனுள்ள பகுதி, தான் தவறு செய்துவிட்டதை ஒருவர் எந்த விலையில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என்று கூறலாம்.

ஆயினும் இதற்குள் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. திசையற்று, நாணயம் சுண்டுவதுபோல நகரும் ஒரு சந்தையில், 1,280இல் வாங்கியவர் 1,200க்கு முன்பாக 1,476ஐத் தொடுவதற்கான வாய்ப்பைக் கணிதத்தால் கண்டறியலாம். 80ஐ 276ஆல் வகுத்தால் கிடைக்கும் விடை ஏறக்குறைய 29 சதவீதம். நட்டமின்றித் தப்பத் தேவையான வெற்றி வீதமும் அதே 29 சதவீதம். அதாவது, சாதகமாகத் தோன்றும் லாப நட்ட விகிதம் தானாக ஒரு லாபத்தையும் உருவாக்குவதில்லை. அலைகளை எண்ணுபவரின் வெற்றி வீதம் நாணயத்தின் வெற்றி வீதத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான், அதுவும் தரகுக் கட்டணமும் வரியும் போன பின்னர், கையில் ஏதேனும் மிஞ்சும். அந்தக் கூடுதல் உண்டு என்பதற்கு அனைவரும் ஏற்கும் வகையிலான சான்று கல்வி உலகில் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

கட்டுப்பாடு என்ற வகையில் இந்த முறை தருவது மதிப்புக்குரியதே. ஆனால் அதே கட்டுப்பாட்டை, அலைகளை எண்ணாமலே, இத்தனை சதவீதம் குறைந்தால் விற்றுவிடுவேன் என்ற எளிய தீர்மானத்தின் மூலமும் ஒருவர் கைக்கொள்ள முடியும்.

இந்தியச் சந்தையில்

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவின் சென்செக்ஸ், நிஃப்டி ஆகிய குறியீட்டெண்களுக்கு எலியட் அலைகளை எண்ணுவது தொலைக்காட்சிகளிலும் இணையத்திலும் பரவலாகியிருக்கிறது. வெளிநாடுகளில் உழைத்து, சேமிப்பின் ஒரு பகுதியை இந்தியப் பங்குகளில் இடும் தமிழர்கள் பலரும் இத்தகைய கணிப்புகளைக் கேட்கிறார்கள். கோட்பாடு மக்கள் திரளின் மனநிலையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், ஏராளமானோர் பங்கேற்கும் சந்தைக் குறியீட்டெண்களுக்கே அது பொருந்தும் என்பது அதன் ஆதரவாளர்களின் நிலைப்பாடு. வர்த்தக அளவு ஒப்பீட்டளவில் குறைந்த கொழும்பு போன்ற சந்தைகளிலும், சிறு நிறுவனங்களின் தனிப் பங்குகளிலும், ஒருசில பெரிய முதலீட்டாளர்களின் முடிவே விலையை நகர்த்திவிடக்கூடும்.

குறுகிய காலக் கணிப்பை நம்பி நடைபெறும் வர்த்தகத்தின் விளைவு என்ன என்பதற்கு, இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். அவர்களின் சராசரி நட்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். தனிநபர் வர்த்தகர்களின் மொத்த நட்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. இவர்கள் அனைவரும் எலியட் முறையைப் பின்பற்றியவர்கள் என்று கூற முடியாது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கணிப்பை நம்பியவர்கள் என்பது மட்டும் உறுதி.

அலைக் கணிப்பு ஒன்றைக் கேட்கும் சாதாரண முதலீட்டாளர் மூன்று கேள்விகளை எழுப்பலாம். இந்தக் கணிப்பு எந்த விலையில் தவறு என்று ஆகும்? மாற்று எண்ணிக்கை என்ன? கணித்தவரின் கடந்தகாலக் கணிப்புகள், தவறியவை உட்பட, தேதியுடன் முழுமையாகக் கிடைக்கின்றனவா? மூன்றுக்கும் விடை தர இயலாதவரின் வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதனை நம்பிக் குடும்பத்தின் சேமிப்பை இடம் மாற்றுவது ஆபத்தானது.

1935ஆம் ஆண்டில் எலியட் அனுப்பிய தந்திக்கு இருந்த சிறப்பு, அது நிகழ்வுக்கு முன்பே, தேதியுடன், மற்றொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான். சந்தை திரும்பிய பின்னர் வரையப்படும் அலைகளுக்கு அந்தச் சிறப்பு கிடையாது. அந்த ஒரு தந்தி சரியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தந்தியைக் கொண்டு ஒரு கோட்பாட்டை எடைபோட முடியாது. அதற்குப் பின்னர் வந்த அத்தனை கணிப்புகளையும், பலித்தவற்றோடு பலிக்காதவற்றையும், ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும். கணக்காளராக வாழ்ந்த எலியட்டுக்கு அந்தக் கணக்குமுறை புதிதாக இருந்திருக்காது.